இடப்பக்கத்துப் புண்

என் செல்ல மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. நாக்கில் மூன்று தையல் இருப்பதை விட்டால் இங்கே நானும் சித்தியும் நல்ல சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே என்று கேட்கப் போனால், கடைவாய்ப் பக்கம் வீங்கியிருக்கு, மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன் என்று நீ போன வாரம் சித்தியிடம் போனில் சொன்னது காதில் நிற்கிறது. இதெல்லாம் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். இந்த வருஷம் நம் குடும்பத்துக்கு வாயால்தான் வம்பு என்று ஆறு மாதத்துக்கு முன்பே சொன்னேன். யாரிடம் சொன்னீர்கள் என்று சித்தி கேட்கிறாள். சொன்னேன், அவ்வளவுதான். போனில் என்றால் நீ நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் பட்டறை வேலை உனக்குத் தெரியும். பஸ் சீட்டுக்கு ரெக்சினை இழுத்து அடிக்கும்போது ஒரு கையில் துணி, ஒரு கையில் சுத்தியல், ஆணிக்கு வாயை விட்டால் வேறு இடம் கிடையாது. இருபது ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டு மேஸ்திரியோடு சண்டையும் போடக்கூடிய ஆள் நான் ஒருவன்தான், நாற்பது ஆணி என்றும் சிலர் சொல்கிறார்கள், நான் மறுப்பதில்லை. ஆகவே எங்கள் ஆட்களுக்கு வாய்ப்புண் என்பது ஒரு விஷயமே இல்லை. ஆணி கீறிடுச்சு, உப்புத் தண்ணி கொப்பளி, வேலையைப் பாரு, அதோடு முடிந்தது. எனக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தபோதும் பத்துப் பேர் எட்டிப் பார்த்து ஆணிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வலிகூட இல்லை. ஒரு வாரம் போனது, மூன்று வாரம் போனது, ஆறு வாரமும் ஆயிற்று, அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது, ஓரம் தடித்து, நடுவில் வெள்ளையாக. ஒரு நாள் நான் கொட்டாவி விட்டபோது சித்தி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டை வைப்பதற்கு முன்னால் வாயைத் திறங்க என்று ஒரே அதிகாரம்.

உடனே உன் மாமன் வந்தான், சித்தியின் தம்பிதான், வேறு யார். அதுல கத்தி மட்டும் படக்கூடாது மாமா, பட்டா பரவிடும், அப்புறம் உங்க இஷ்டம் என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. டேய், படுமோ படாதோ அதைப் படிச்சவங்ககிட்ட கேட்டுக்கறேன், நீ உன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடு என்று சொல்லிவிட்டேன். பிறகு நான் தேடிப் பிடித்த டாக்டரம்மாவிடமே இதைக் கேட்டேன், சோதனைக்குப் புண்ணிலிருந்து சதைத் துணுக்கு எடுப்பதால் பரவாது, எடுக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து என்றார். அதைத் தெரு முனையிலிருந்தே அவனுக்குக் கத்திச் சொல்லியாகிவிட்டது.

டாக்டரை நான் எப்படிப் பிடித்தேன் என்பதைக் கேட்டுக்கொள், உனக்கு உதவும். முதலில் கடைத்தெருவில் பல் பிடுங்குகிறவரிடம் போனேன். நாக்கைக் காட்டினால் பல்லைப் பார்த்தார், ரெண்டு பல்ல எடுத்துட்டா சரியாயிடும் என்றார். எழுந்து வந்துவிட்டேன். அடுத்தவர் அறையில் ஆளுயர மீன் தொட்டி, சுவரெல்லாம் சிரிக்கிற படங்கள். எதைக் கேட்டாலும் நீங்க டென்ஷனாகாதீங்க சார் என்று ஒரே பதில். நான் டென்ஷனே இல்லை, இதுபோல எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்டேன். அதற்கும் டென்ஷனாகாதீங்க. அங்கேயிருந்தும் கிளம்பிவிட்டேன், மீன்களே எனக்கு வழிவிட்டன. மூன்றாவதாகத்தான் பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி, வாய்க்கும் தாடைக்கும் மட்டுமே ஆபரேஷன் செய்கிற பிரிவு. பெஞ்சில் உறை கிழிந்து ஸ்பாஞ்ச் வெளியே தெரிகிறது, எவனோ ஒற்றைத் தையல் போட்டு ஏமாற்றியிருக்கிறான். ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மா ஒற்றைத் தையல் ஆள் இல்லை. குள்ளமான மனுஷி, மூக்கு நுனியில் கண்ணாடி. எத்தனை பேருக்கு, எப்படி மரத்துப்போக வைப்பீர்கள், அதை யார் செய்வார், வீட்டுக்குப் போன பிறகு ரத்தம் நிற்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று நான் வரிசையாகக் கேட்க, கடிகாரத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், இது கெட்டதா என்றேன். பாத்து மட்டும் சொல்ல முடியாதுங்க, எனக்குத் தெரியல, எடுத்துப் பரிசோதிச்சாதான் தெரியும் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரைப் பார்த்ததும் இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். நீயும் அப்படித்தான் தேட வேண்டும்.

அப்புறம் கேட்டார், நீங்க ஆணியை எந்தப் பக்கமா வெப்பீங்க? பெருமையாக வலப்பக்கம் காட்டினேன், நாற்பது வருஷமாக ஒரே பக்கம்தான். துணி வைத்து நாக்கைப் பிடித்து இழுத்துக் கண்ணாடியில் காட்டினார். புண் இடப்பக்கம். சித்தி என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பத்துப் பேர் பார்த்த வாய் மகளே, ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை, அவ்வளவுதான். இடப்பக்கம் உடைந்த பல் ஒன்று உரசுகிறது, அதனால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று பல்லின் கூர்முனையை ராவிவிட்டு, கழுத்தை அமுக்கிப் பார்த்து, ரெண்டு மூணு வாரத்துல ஆறாத புண்ணை அப்பவே காட்டியிருக்கணும் என்றார். மறு நாளே துணுக்கு எடுத்தார்கள். மரத்துப்போகிற ஊசியே வேண்டாம் என்றேன், கெஞ்சிப் போட்டார்கள். நேற்று முடிவும் வந்துவிட்டது, ஒன்றுமில்லை, சுத்தம். டாக்டரம்மா எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். மாத்திரை வலியைத்தான் மறைக்கும், வீக்கம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். இந்த வாரமே போய் எக்ஸ்ரே எடு. பல் புதைந்து கிடந்தால், வேர் நரம்பை ஒட்டியிருந்தால், சாதாரணமாகப் பிடுங்குகிறவரிடம் விடாதே, ஆபரேஷன் டாக்டரைக் கேள். கீழுதடு மரத்த மாதிரி இருந்தாலும் சொல்லிவிடு. வாய் திறக்க முடியவில்லை, காய்ச்சல் வருகிறது, வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் என்றால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி, மேனேஜர் லீவு தருவாரா என்று நிற்காதே. தரமாட்டேன் என்றால் அவர் நம்பரை எனக்கு அனுப்பு. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்பதை மறைக்காதே, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை, குளியலறைக் குழாய் பழையபடி ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு இரட்டைப் பேரன்கள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், பல்லும் சொல்லும் உறுதியாக நீண்ட காலம் வாழ வேண்டும்.

இதற்கு மேல் எழுதுவதாக இல்லை. உறையில் போட்டு ஒட்டச் சொல்லிச் சித்தியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டாள். ஊரெல்லாம் என்ன வேணா அளந்துக்கோங்க, மூணு வயசுலேர்ந்து நாம தூக்கி வளத்த பொண்ணு, அவகிட்டயாவது நெசத்தை எழுதுங்க என்றாள். சரி, எழுதுகிறேன். முடிவு வரவில்லை. யாரும் கை கொடுக்கவில்லை. துணுக்கு எடுத்து இன்றைக்கு மூன்றாம் நாள், பத்து நாள் ஆகும் என்றிருக்கிறார்கள், இந்தக் கடிதமும் அந்த முடிவும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து சேரும். நல்லதாக இருந்தால் அன்றைக்கே போன் செய்வேன். கெட்டதாக இருந்தாலும் அன்றைக்கே செய்வேன், நீ அழக் கூடாது, அடுத்து என்ன செய்வது என்று அந்தக் குள்ள மனுஷியிடம் நானே வரிசையாகக் கேட்பேன், கேட்டதைச் செய்வேன். நான் ஒளிந்துகொள்ளப் போவதில்லை. நீயும் ஒளிந்துகொள்ளாதே, நாளைக்கே போ.

இப்படிக்கு,
கையெழுத்து நடுங்குவது பேனாவின் கோளாறு என்று சொல்லும்
உன் சித்தப்பா