கூழாங்கல் எட்டு

செம்பாக்கம்
14.7.2024

அன்புள்ள ஜெரோமுக்கு,

ராஜகோபால் எழுதிக்கொள்வது. ஏழு தடவை போன் செய்தேன். ஏழாவது தடவை சினேகா எடுத்து, "அப்பா யார்கிட்டயும் பேசறதில்ல அங்கிள், கோச்சுக்காதீங்க" என்றாள். அதனால் ரிடையர் ஆனதற்குப் பிறகு முதல் முறையாகத் தபால் கவர் வாங்கினேன். மகள் வீட்டில் சௌகரியமாக இருக்கிறாயா? கால் புண் என்று கேள்விப்பட்டேன், ஆறிவிட்டதா?

ஏரிக்கரைப் பூங்காவில் நம் சர்க்கரைக் கோஷ்டி இருபத்திரண்டு பேராகிவிட்டது. வழக்கம்போல முதலில் மூச்சு, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. பிறகு எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கூழாங்கல் பதித்த அந்த எட்டு வடிவப் பாதையின் மேல் இருபது நிமிஷம் நடை. சந்திரிகா அம்மாவுக்கு மூன்று மாதச் சர்க்கரை சராசரி ஒன்பதிலிருந்து ஏழரைக்கு இறங்கிவிட்டது. வாசலில் என் பெயர் எழுதிப் போர்டு வைத்திருக்கிறார்கள். பக்தவச்சலம் என்னை "மாஸ்டர்" என்கிறான். கூச்சமாகத்தான் இருக்கிறது, நான் தடுக்கவில்லை. சீக்கிரம் வா, மச்சான்.

உன்
ராஜகோபால்

கீழ்க்கட்டளை
29.7.2024

ராஜகோபாலுக்கு,

கடிதம் கிடைத்தது. புண் ஆறவில்லை. ஜூன் பத்தாம் தேதி வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் பக்கத்து விரலும்.

எட்டில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. அதன் சிமெண்ட் விளிம்பு என் காலைக் கிழித்தது எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் கழித்து என்னைப் பார்க்க வந்த சினேகா, தரையில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு "யாருக்குப்பா அடிபட்டுச்சு?" என்று கேட்டாள். யாருக்கு என்று நானும் அவளோடு சேர்ந்து யோசித்தேன்.

சர்க்கரை பல வருஷம் இருந்தால் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விடுமாம். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாதாம். "யார் உங்களைச் செருப்பைக் கழட்டச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். ஒரு நண்பர் என்றேன். பெயர் சொல்லவில்லை.

ஜெரோம்

செம்பாக்கம்
3.8.2024

அன்புள்ள ஜெரோம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். மறுநாள் திருநீர்மலைக்குப் போய்ப் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டேன். உன் பெயரில் அர்ச்சனையும் செய்தேன், தப்பாக நினைக்காதே.

நான் நல்லதைத்தானே நினைத்தேன்? ஒரு வீடியோவில் பார்த்ததைத்தான் சொன்னேன். நானும் பன்னிரண்டு வருஷச் சர்க்கரைக்காரன், உன் கூடவே வெறுங்காலோடு நடந்தவன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே! கால் மரத்துப்போனதை நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உன்
ராஜகோபால்

கீழ்க்கட்டளை
17.8.2024

ராஜகோபாலுக்கு,

சொல்லவில்லைதான். ஆறு மாதமாகவே பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருந்தது. மற்றவர்கள் கல் குத்துகிறது என்று முனகுவார்கள், எனக்குக் குத்தாது. "ஜெரோமைப் பாருங்க, ராஜா மாதிரி நடக்கறான்" என்று நீ எல்லாருக்கும் காட்டுவாய். வேறு எங்கும் என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. அதை இழக்க மனசு வரவில்லை. பாதித் தப்பு என்னுடையது.

நீ சொல்லிக்கொடுத்த மூச்சு உதவியது, அதையும் எழுதிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முந்தைய படபடப்பு அதில்தான் அடங்கியது. சாப்பிட்ட பிறகு நடப்பதும் நல்லதுதான் என்கிறார் டாக்டர். மாத்திரையை நிறுத்தக் கூடாது, செருப்பைக் கழற்றக் கூடாது, அவ்வளவுதான்.

பெருமாளிடம் சொல்வது சுலபம், அவர் திருப்பிக் கேள்வி கேட்க மாட்டார். அந்த இருபத்திரண்டு பேரிடம் சொன்னாயா? அவர்களில் இன்னும் எத்தனை பேருக்குக் கல் குத்துவதில்லை? சொல்லிவிட்டு எழுது. சொல்லாவிட்டால் எழுதாதே.

ஜெரோம்

செம்பாக்கம்
8.9.2024

அன்புள்ள ஜெரோம்,

மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் உன் மேல் கோபமாக இருந்தேன். இரண்டாவது வாரம் பூங்கா பக்கமே போகவில்லை. இன்று காலை போய்ச் சொல்லிவிட்டேன். உன் பெயர், இரண்டு விரல், வீடியோ, எல்லாவற்றையும் சொன்னேன்.

சந்திரிகா அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். பக்தவச்சலம்தான் கத்தினான். "இன்னா மாஸ்டர், இத்தினி நாளா எங்க கால வச்சு வெளையாடிகினு இருந்தியா?" என்றான். போர்டை அவனே கழற்றினான், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

பாதத்தைச் சோதிக்க ஏஞ்சல் என்ற நர்ஸை அழைத்து வந்திருந்தேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் ஒரு நைலான் நூலால் பாதத்தில் அங்கங்கே தொடுவாள், பட்டதும் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று முதலில் நான் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆகிறதே என்று, "ஆரம்பிக்கலாம்மா" என்றேன்.

"முடிச்சுட்டேன் சார். ரெண்டு காலும்" என்றாள்.

பக்தவச்சலம் என் செருப்பை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான். இன்னும் மூன்று பேருக்கு இப்படித்தான் என்று தெரிந்தது. நாலு பேரையும் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறாள்.

பயமாக இருக்கிறது, ஜெரோம். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ராஜகோபால்

கீழ்க்கட்டளை
16.9.2024

ராஜகோபாலுக்கு,

உன் மேல் கோபம் போகவில்லை. இப்போதைக்குப் போகும் என்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. செருப்போடு வா. நம்மைப் போன்றவர்களுக்குச் செருப்பை அளவெடுத்துச் செய்து தரும் கடை ஒன்று இங்கே இருக்கிறது, கூட்டிப்போகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் தெருவில் நடப்பேன், மெதுவாகத்தான்.

உள்ளங்காலைத் தினமும் பார்க்க வேண்டுமாம். என்னால் குனிய முடிவதில்லை, சினேகாவிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. உன் தொப்பைக்கு நீயும் குனிய மாட்டாய். இங்கே வரும் நாட்களில் என் காலை நீ பார். உன் காலை நான் பார்க்கிறேன்.

ஜெரோம்