அம்மா போடாத கையெழுத்து

அன்பு மகள் மதிக்கு, திருவொற்றியூரிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் கடிதம்.

அம்மா கவுன்சிலராகி மூன்று வருடத்தில் நான் இவ்வளவு பயந்ததில்லை. நம் வார்டு மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் பாதியைக் கண்டெய்னர் லாரி நிறுத்தக் குத்தகைக்கு விடப் போகிறார்கள், மண்டலக் கூட்டத்தில் தீர்மானம் வரும்போது எல்லோரும் கை தூக்க வேண்டும் என்று கட்சி சொல்லியிருந்தது. அம்மா தூக்கவில்லை. எழுந்து நின்று, "புள்ளைங்க ஆடுற எடத்துல லாரிய வுட்டா, புள்ளைங்கள இன்னா ரோட்லயா வுடுறது?" என்று கேட்டுவிட்டாள். இன்னும் இரண்டு பேர் அவளோடு சேர, தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். மறுநாளே கட்சி வட்டச் செயலாளர் பாரி வீட்டுக்கு வந்து, மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும், இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது என்றார். தர மாட்டேன் என்றாள். பதினெட்டு வருடம் போஸ்டர் ஒட்டி, பூத்தில் உட்கார்ந்து வாங்கிய சீட்டு அது, உனக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் என் போனில் யாரோ ஒருவன் பேசினான், பேர் சொல்லவில்லை. "நைனா, ரோட்ல லாரி நெறைய ஓடுது, உன் சம்சாரத்த பாத்து நடக்க சொல்லு" என்றான், வைத்துவிட்டான். அவள் தினம் காலையில் கால்வாய் வேலையைப் பார்க்க ஹைரோட்டைத் தாண்டித்தான் போகிறாள். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. தப்பு செய்துவிட்டேன் மதி. அவளுடைய லெட்டர்பேடில் நானே மன்னிப்பு எழுதி, அவள் கையெழுத்தையும் நானே போட்டு, பாரியிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் படம் எடுத்துக் கட்சி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அம்மா பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். நேரே கட்சி ஆபீசுக்கு நடந்தாள், நான் பின்னாலேயே ஓடினேன். அத்தனை பேர் எதிரில், "இத்த நான் எழுதல, கையெழுத்தும் என்னுது இல்ல" என்றாள். அப்படியானால் யார் போட்டது என்று பாரி என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அத்த வுடு. நான் மன்னிப்பு கேக்கல, அத்த மட்டும் எழுதிக்கோ" என்றாள். நேற்று கட்சியை விட்டு நீக்கிவிட்டார்கள். கவுன்சிலர் பதவி போகாதாம், ஆனால் இனி கூப்பிட்டால் யார் வருவார்கள்?

நான்கு நாள் என்னோடு பேசவில்லை, தட்டு மட்டும் வைப்பாள். இன்று காலை தாங்க முடியாமல் அந்த மிரட்டல் போனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாமே" என்றாள். இருவருமாகப் போய் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை மண்டலக் கூட்டத்தில் அந்தத் தீர்மானம் மறுபடி வருகிறது. என்னை உள்ளே விட மாட்டார்கள், அவள் வெளியே வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

எல்லாவற்றையும் விட்டுவிடு என்று அவளிடம் மட்டும் நீ சொல்லிவிடாதே. நைட் டியூட்டிக்குப் போகும்போது வயிற்றைக் காயப் போடாதே. குழந்தைக்கு என் முத்தம். மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நல்லா இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
நீலமேகம்