ஓடைக்குப் போன யோகத்துக்கு

என் யோகத்துக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்டுத் தொடங்கத்தான் கை வருது. எழுதிப் பழகின பழக்கம். கேட்டுட்டு நானே வாயில அடிச்சிக்கணும். அதனால கேக்கல. நம்ம தேயிலைத் தோட்டத்து மேக்கணக்குல மூணு நாளா மழை விட்டிருக்கு. அதைச் சொல்லித் தொடங்குறேன்.

இந்தக் கடிதத்தை ஞாயித்துக்கிழமை மாதர் சங்கக் கூட்டத்துல வாசிக்கப் போறேன். உங்க பதினோரு குடும்பமும் இருக்கும், எங்க மூணு லயத்து வரிசை வீட்டு ஆளுங்களும் இருப்பாங்க. "செத்தவளுக்கு எழுதுறத ஊருக்கு ஏன்டி வாசிக்கணும்?"னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. தப்பை ஊரறியச் செஞ்சவ நான். இதை மட்டும் மூலையில உக்காந்து ஒளிச்சு எழுதவா முடியும்?

நீங்க வந்த நாள் ஞாபகம் இருக்கா? உங்க தோட்டத்து மலை சரிஞ்சு ரெண்டு லயத்தையும் மூடிப்போட்டு, உயிர் தப்பினவங்களை லொறியில ஏத்தி இங்க கொண்டுவந்து எறக்கினாங்க. தொரை ஆபீசுல சொல்லி, பூட்டிக் கெடந்த பழைய பிள்ளைக்காம்பராவைத் திறந்து குடுத்தோம். பிள்ளைங்களைப் பாக்குறதுக்குக் கட்டின ஒரே ஒரு நீட்டு அறை. அதுக்குள்ள சேலையைக் கட்டித் தடுத்து பதினோரு குடும்பம். நீ உன் மகள் சுகன்யாவோட கையப் பிடிச்சுக்கிட்டு கடைசியா எறங்கின. உன் வீட்டுக்காரர் முருகேசும் சின்னவன் தினேசும் மண்ணுக்குள்ளேயே இருந்தாங்க. மெசின் வச்சுத் தோண்டியும் ஆள் கிடைக்கல. அன்னைக்கு உனக்குத் தேத்தண்ணி குடுத்தது நான்தான். நீ கிளாசை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்த, குடிக்கல.

சும்மா சொல்லக் கூடாது, எங்க ஆளுங்க நல்லாத்தான் பாத்தாங்க. வெலிமடையிலேர்ந்து கரட், லீக்ஸ் மூட்டை மூட்டையா வந்துச்சு. பண்டாரவளை சட்டிபானைக் கடை முஸ்லிம் நானா பாயும் கேனும் கொண்டாந்து எறக்கிட்டு ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமப் போனாரு. நான் மாதர் சங்கத் தலைவி. கையில பேர்த் தாளை வச்சிக்கிட்டு, "வரிசையா நில்லுங்க, தள்ளாதீங்க"ன்னு சத்தம் போட்டுப் பங்கு வச்சேன். எனக்கு அதுல ஒரு பெருமை. இப்ப நெனைச்சா வெக்கமா இருக்கு.

ஒரு நாள் நீ பொதியை வாங்காம நின்ன. "அக்கா, பொதி குடுக்கறப்ப மட்டும் எங்க பேரை வாசிக்கிறீங்க. மத்த நேரம் 'வந்த ஆளுங்க'ன்னுதானே சொல்றீங்க"ன்ன. சிரிச்சுக்கிட்டேதான் சொன்ன. நான் விடுவேனா? "அடேங்கப்பா, வந்து ரெண்டு மாசம் ஆகல, வாயப் பாரு!"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச. ஆனா அந்த மாசத்திலேர்ந்து நீ என் வாயைப் பாத்துக்கிட்டு இருக்கல.

இங்க விலாசம் இல்லாம உங்க பிள்ளைங்களை ஸ்கூல்ல பதியல. கிளினிக் போனா பழைய இடத்துக்குப் போன்னாங்க. பழைய இடம் எங்க இருக்கு, மண்ணுக்குக் கீழதானே? நிவாரண வேலைக்குப் பதுளையிலேர்ந்து வந்த அம்மாமாருங்க உங்களுக்குத் துணி தொவைக்கிற சவுக்காரம் செய்யக் கத்துக் குடுத்தாங்க. நீ கடைசிவரைக்கும் கேட்டுட்டு, "சவுக்காரம் செய்யுறோங்க. அதுக்கு முன்னாடி கிராம சேவகர்கிட்ட நாங்க இங்கதான் இருக்கோம்னு ஒரு கடிதம் வாங்கணும். யாருக்கு எழுதணும், எப்படி எழுதணும்னு சொல்லிக் குடுங்க"ன்ன. அப்புறம் நீயே பதினோரு குடும்பத்துப் பேரையும் எழுதி, பொம்பளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு மூணு தடவை பஸ் ஏறிப் போன. "பேசறதுக்கு என்னை மட்டும் விடாதீங்க, ஒவ்வொருத்தியும் ஒரு வார்த்தை பேசணும்"னு சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போவியாமே. உங்கள்ல பேசவே வராத பரமேஸ்வரி, ஆபீஸ் வாசல்ல நின்னு சிங்களத்துல பேசினாளாம். எனக்கு அப்பக் கொஞ்சம் பொறாமை, யோகம். என்கிட்ட கேக்காம என்ன இதுன்னு.

பொறாமையாலதான் அப்படிச் செஞ்சேனா? இந்தக் கேள்வியை என்னால இன்னும் தாண்ட முடியல.

கோயில் திருவிழா வந்துச்சு. காப்புக் கட்டினா எட்டு நாளைக்கு எங்க மேக்கணக்கு முழுக்கச் சுத்தமா இருக்கணும். கும்பத்துக்குத் தண்ணி மோக்குறது பீலியில. மலைக்குழாயிலேர்ந்து விழுற அந்த ஒரு பீலிதான் எல்லாருக்கும் குடிக்க, குளிக்க, அம்மனுக்கு. வழக்கம் என்னன்னு உனக்கும் தெரியும். சாவு விழுந்த வீட்டுல கருமாதி முடியாட்டித் தீட்டு. தீட்டுள்ளவங்க காப்புக் கட்டின பெறகு கோயிலுக்கும் வரப்படாது, பீலியையும் தொடப்படாது.

உங்கள்ல நாலு வீட்டுக்கு ஆளே கிடைக்கல. ஆள் கிடைக்காம எப்படிக் கருமாதி? கருமாதி இல்லாம எப்படித் தீட்டுக் கழியும்? பதினோரு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிறதால எல்லாருக்கும் தீட்டுன்னு கோயில் கமிட்டியில பேச்சு வந்துச்சு. ஆம்பளைங்க யாரும் வந்து சொல்லப் பயந்தாங்க. "நான் சொல்றேன், அந்தப் புள்ளைங்க என் பேச்சைக் கேக்கும்"னு எழுந்தது நான்.

பிள்ளைக்காம்பரா வாசல்ல நீ ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்த. நான் சொன்னதும் உன் கை நின்னுபோச்சு. "ஆளக் கண்ணால பாக்காம எப்படிக்கா கருமாதி வைக்கிறது? அந்த மனுசன் எங்கயாச்சும் கெடந்து எந்திரிச்சு வந்துட்டாருன்னா?"ன்னு கேட்ட. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுக்கு நான் என்ன பண்ண முடியும் யோகம், வழக்கம் அப்படி"ன்னேன். நீ ரொட்டியைத் திருப்பிப் போட்ட. கருகியிருந்துச்சு. "சரிங்கக்கா. எட்டு நாள்தானே. தண்ணிக்கு?"ன்ன. "எங்க பொம்பளைங்க மோந்துகிட்டு வந்து ஊத்துவாங்க, நான் பொறுப்பு"ன்னேன்.

நான் பொறுப்பு. அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பி எனக்குள்ளயே கேட்டுக்கிட்டு இருக்கேன்.

முதல் ரெண்டு நாள் தண்ணி வந்துச்சு. மூணாம் நாள் மாவிளக்குக்கு மாவு இடிக்கிற வேலை, வீடு மெழுகுற வேலை. நான் எங்க சங்கத்து ராணியை அனுப்பினேன்னு நெனைச்சேன், ராணி நான் போனேன்னு நெனைச்சா. நாலாம் நாள் காலையிலயும் யாரும் போகல. மேல மாவிடிச்சுக்கிட்டே உங்களுக்குத் தண்ணி போகலையேன்னு எனக்கு நெனைப்பு வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், வந்துச்சு. இந்தச் சட்டியை முடிச்சுட்டுப் போவோம்னு இருந்துட்டேன்.

நீ கேனைத் தூக்கிக்கிட்டு ஓடைக்குப் போயிருக்க. ஒரு வாரமா மழை. கரை ஊறிப்போய்க் கெடந்துச்சு. ரெண்டு கேன் நெறைச்சு மேல வச்சிருந்த, மூணாவதை மோக்கக் குனிஞ்சப்ப மண்ணு விட்டிருக்கு. மலைச்சரிவுல தப்பிச்சு வந்தவளை ரெண்டு ஆள் நீளத்து மண்ணு இழுத்துட்டுப் போயிருச்சு. கீழ மதகுகிட்ட உன்னை எடுத்தாங்க. ரெண்டு கேனு போதாதா உங்க ரெண்டு பேருக்கு? மூணாவது யாருக்குன்னு பிள்ளைக்காம்பராவுல ஒவ்வொருத்தரையும் கேட்டேன். யாரும் கேக்கலையாம்.

திருவிழாவை நிறுத்தினோம். உன்னைக் குளிப்பாட்டணும், நீர்மாலை எடுக்கணும். ஆம்பளைங்க குடத்தைக் கொண்டுபோய் பீலியில தண்ணி மோந்துகிட்டு, தப்பு மேளம் அடிச்சுக்கிட்டு வந்தாங்க. உன் மகள் எந்திரிச்சா. குடத்துக்கு முன்னாடி வந்து நின்னா. "அந்தத் தண்ணிய எங்க அம்மா மேல ஊத்தாதீங்க. தொடப்படாதுன்னு சொன்னீங்கதானே?"ன்னா. தப்பு நின்னுபோச்சு. என்னைத்தான் பாத்து நின்னா. அதுவரைக்கும் பெரியம்மா, பெரியம்மான்னு என் பின்னாடியே சுத்தின புள்ள. கடைசியில உங்க ஆம்பளைங்க ரெண்டு பேரு ஓடைக்கு எறங்கினாங்க. கலங்கல் தண்ணி. அதுலதான் உன்னைக் குளிப்பாட்டினோம்.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லாம இந்தக் கடிதம் எழுதிப் பிரயோசனமில்ல.

உன் கருமாதிக்கு நாள் கேக்கக் கோயில் பூசாரி ஐயாகிட்டப் போனேன். உன் வீட்டுக்காரருக்கும் புள்ளைக்கும் வழியில்லாமக் கெடக்கேன்னு அழுதேன். அந்த மனுசன் என்னை ஏற எறங்கப் பாத்தாரு. "உடம்பு கிடைக்காட்டித் தர்ப்பையில உருவம் செஞ்சு எரிச்சுக் காரியம் பண்ணலாமேம்மா. எப்பவோ தீட்டுக் கழிச்சிருக்கலாம். யாரும் வந்து கேக்கலையே?"ன்னாரு.

கேக்கல யோகம். கமிட்டியில பதினாலு பேரு இருந்தோம், ஒருத்தரும் கேக்கல. வழக்கம் எங்களுக்குத் தெரியும்னு நெனைச்சோம். கோயிலுக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் நடுவுல கூப்பிடு தூரம்தான். சவுக்காரம் செய்ய வந்தவங்ககிட்டயே கேள்வி கேட்டவ நீ. உன்னைக் கோயில் பக்கம் விட்டிருந்தா நீயே கேட்டிருப்ப. விடலையே நாங்க. நான் விடல.

உன் பதினாறாம் நாள்ல மூணு பேருக்கும் சேத்துக் காரியம் பண்ணினோம். தர்ப்பையில பெருசா ஒண்ணு, சின்னதா ஒண்ணு. அந்தச் சின்னதைப் பாக்க யாராலயும் முடியல. மத்த மூணு வீட்டுக்காரங்களும் அன்னைக்கே முடிச்சாங்க. நீ இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா? இல்ல, வந்துருவாருன்னு இன்னும் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பியா? தெரியல. உனக்காக நாங்க முடிவெடுத்ததுல அதுவும் ஒண்ணு. மன்னிச்சுக்க.

நல்ல சேதியும் இருக்கு, ஆனா சொல்ல நாக்கு எழும்பல. நீ பஸ் ஏறி ஏறிக் கேட்ட கடிதம் வந்துருச்சு. பதினோரு குடும்பத்துக்கும் மேக்கணக்கு விலாசம். பட்டியல்ல முதல் பேரு உன்னுது. இறந்தவங்க பேரை வெட்டணும்னு பேனாவைக் குடுத்தாங்க. பரமேஸ்வரி பேனாவை வாங்கித் தன் பையில போட்டுக்கிட்டா, திருப்பிக் குடுக்கவே இல்ல! பிள்ளைங்க ஸ்கூல் போறாங்க. உங்க பொம்பளைங்க தனியா ஒரு சங்கம் வச்சிருக்காங்க. என்னைக் கூப்பிடல. கூப்பிடாதது சரிதான். இனிமே எந்தக் கமிட்டியிலயும் அவங்கள்ல ரெண்டு பேரு உக்காராம ஒரு முடிவும் எடுக்க விடமாட்டேன்னு கோயில்ல சத்தியம் பண்ணிட்டுத் தலைவிப் பதவியை விட்டுட்டேன்.

இப்ப எல்லாரும் பீலிக்கு வர்றாங்க. சுகன்யா மட்டும் வர்றதில்ல. விடிஞ்சதும் ரெண்டு கேனைத் தூக்கிக்கிட்டு பீலியைத் தாண்டி ஓடைக்கு எறங்கிப் போறா. கெஞ்சிப் பாத்தேன். கையப் பிடிச்சேன், உதறிட்டா. பரமேஸ்வரி வீட்டோடதான் இருக்கா, சாப்பிடுறா, படிக்கிறா. தண்ணி மட்டும் அவளே மோப்பா. அதனால நானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கிட்டு அவ பின்னாடியே போறேன். இன்னையோட இருபத்தோரு நாள். ஒரு வார்த்தை பேசல. நான் கொஞ்சம் மேல நிப்பேன், அவ மோந்து முடிச்சதும் நான் மோப்பேன்.

இன்னைக்குக் காலையில நான் குனியறப்ப அவ போகாம நின்னா. என் முகத்தைப் பாக்கல. "அங்குட்டு நிக்காதீங்க. மண்ணு எளகிக் கெடக்கு"ன்னா. பெரியம்மான்னு கூப்பிடல. சொல்லிட்டுக் கேனைத் தூக்கிக்கிட்டு ஏறிப் போயிட்டா. நான் அங்கயே உக்காந்துட்டேன் யோகம். நான் உன் வாசலுக்கு வந்த அன்னைக்கு இப்படி ஒரு வார்த்தை உனக்குச் சொல்லியிருக்கலாமே.

அவ பீலிக்கு வர்ற வரைக்கும் என் வீட்டுக்கும் ஓடைத் தண்ணிதான். அவ வரவே மாட்டேன்னாலும் அப்படித்தான். அவளைத் தனியா அந்தக் கரையில குனிய விடமாட்டேன். இந்தத் தடவை ராணியை அனுப்ப மாட்டேன், நானே போவேன்.

நீ வாய் நெறைய அக்கான்னு கூப்பிட்டும், ஒரு நாளும் உன்னைத் தங்கச்சின்னு கூப்பிடாத,

உன் அக்கா
பாக்கியம்