ஆடிட் நாள் பேட்ஜ்

ஜூலை 15, செவ்வாய்.

இன்று பனியன் கம்பெனியில் ஆடிட்; எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆள் வந்து சோதிக்கும் நாள். கேட்டில் பெண்களின் பையைச் சோதிக்கும் என்னை மேனேஜர் கூப்பிட்டு, ‘செக்யூரிட்டி சூப்பர்வைசர்’ பேட்ஜைக் குத்திக்கொள்ளச் சொன்னார். நன்றாக நடந்துகொண்டால் அந்த வேலையையே கொடுத்துவிடுவார் என்று நம்பித் தொலைத்தேன்.

“இங்கே பெண்களுக்குப் பதவி உயர்வு உண்டா?” என்று ஆடிட்டரம்மா கேட்டார்.

“உண்டுங்க. நானே அப்படி வந்தவதானுங்க” என்றேன். அதை அவர் எழுதிக்கொண்ட தாளில் கையெழுத்தும் போட்டேன்.

அவருடைய கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் பேட்ஜுக்குக் கையை நீட்டினார்.

“ஏனுங்க சார், இதை எனக்கே குடுத்தரக் கூடாதுங்களா? ஒம்பது வருசமா கேட்டுலயே நிக்கறனுங்க.”

“அடுத்த ஆடிட்டுக்குப் போட்டுக்கலாம் கண்ணு.”

கழற்றிக் கொடுத்துவிட்டேன். இனி யாரிடம் போய் முறையிடுவேன்? எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேனே.