சுழலாமல் சிமிட்டிய விளக்கு

என் இல்லறத்துக்கு இணையாகவும் என் வாதங்களுக்கு எதிரணியாகவும் வாழ்ந்தவரே,

நம் ஊர் பலாபத்வலையில் இப்போதுதான் மழை விட்டிருக்கிறது. உங்கள் ரேடியோ திருத்தும் கடையில் கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். கூரையில் சிமிட்டிக்கொண்டே இருந்த டியூப் லைட்டைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

அந்த விளக்கைக் காட்டித்தானே என்னை மடக்கப் பார்ப்பீர்கள்? துடிவிண்மீன் என்பது மடிந்த விண்மீனின் கனத்த எச்சம். அது சுழலும்போது அதன் வானொலிக் கதிர் கலங்கரை விளக்கைப் போல நம்மைத் தொட்டுச் செல்வதையே துடிப்பாக உணர்கிறோம் என்று நான் விளக்குவேன். நீங்கள் சால்டரிங் கம்பியைக் கீழே வைப்பீர்கள்.

"இங்க பாரும்மா, இது சுத்துதா? நின்ன எடத்துலயே சிமிட்டுதுல்ல? வானத்துலயும் கரண்ட் சேந்து சேந்து பாயுது, அவ்வளவுதான்."

"உங்க லைட்டு தாளம் தப்புதுங்க. அது தப்பாது."

"அங்க நல்ல ஸ்டார்ட்டரா போட்டிருப்பாங்க."

மறுமொழி இல்லாதவர் எழுந்து தேநீர் ஊற்ற வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். பெரும்பாலும் எழுந்தவர் நீங்கள்தாம். பள்ளியைப் பாதியில் விட்டு, நூலகத்து மேசையில் தனக்குத் தானே ஆசிரியையான ஒருத்தியிடம் தோற்பதில் உங்களுக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. இப்போது என்னை எவரும் வெல்லாமலே நாள்தோறும் நானே எழுந்து ஊற்றுகிறேன்.

மாத்தளை வாசகர் வட்டத்தில் துடிவிண்மீன்களைப் பற்றி உரையாற்ற அழைத்திருக்கிறார்கள். செயலாளர் வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, அண்ணனோட கரண்ட் கதைய மட்டும் விட்டுருங்க. சனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் தம்பி. அவரே சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவாரு."

உரைக்காகப் படித்தபோது ஒன்றைக் கண்டேன். சுழலும் அந்த விண்மீனைச் சுற்றிப் பெரும் மின்புலம் எழுகிறது. மின்னேற்றம் கொண்ட துகள்கள் பாய்கின்றன. ஆனால் அதிலிருந்து வானொலி அலைகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதில் வானியலாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. "சுத்துறது இருக்கட்டும், சத்தம் எப்படி வருது?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டீர்களே, ரேடியோக்காரர் மொழியில் அதே கேள்வி. நான் விடை தேடுவதற்குள் உங்களுக்கு என்ன அவசரம்?

படித்த வேகத்தில், "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அது சுழலவில்லை என்ற உங்கள் வாதம் தவறு. இன்றும் அதையே சொல்கிறேன். சுழற்சி இல்லாமல் அந்தத் தாளம் இல்லை. அது காலப்போக்கில் மெல்லத் தளர்வதும் சுழற்சி குறைவதாலேயே. உங்கள் கேள்வி மட்டும் விழாமல் நிற்கிறது.

ஆகவே வாக்களிக்கிறேன். மேடையில் உங்கள் கட்சியை முதலில் வைப்பேன், உங்கள் சொற்களிலேயே, ஸ்டார்ட்டர் உட்பட. பிறகு மறுப்பேன். இறுதியாக அந்தக் கேள்வியை உங்கள் பெயர் சொல்லிக் கேட்டு, எனக்கு விடை தெரியாது என்று சபையறியச் சொல்வேன். அதன்பின் வீட்டுக்கு வந்து, சட்டப்படி தோற்றவளாக, நம் இருவருக்கும் தேநீர் ஊற்றுவேன்.

இன்னும் வாதத்தை முடிக்காத உங்கள் மனைவி,
சரோஜா