மரநாய் என்று நான் சொன்ன சத்தம்

கருங்கல்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வினோஜ் தம்பிக்கு,

நீங்கள் முன்பின் அறியாத ஞானசெல்வி எழுதுகிறேன். நீங்களும் மனைவியும் பிள்ளையும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற ஜெபிஷ் எங்கள் பக்கத்து வீட்டு மருமகன். மஸ்கட்டில்தான் வேலை, நாளை விமானம் ஏறுகிறார். உங்கள் போனுக்கு இருபது தடவையாவது அடித்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பழைய நம்பராக இருக்கலாம். உங்கள் கம்பெனியின் பெயரையும் தபால் பெட்டி எண்ணையும் உங்கள் தங்கை நந்தனாதான் மனப்பாடமாகச் சொன்னாள்.

ஆமாம் தம்பி, நந்தனாதான். அவள் மைசூரில் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. நான் இதை எழுதும்போது என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள்.

இதைப் படித்ததும் உங்கள் மைத்துனர் தாணுமாலயனுக்குப் போன் செய்துவிடாதீர்கள். கடைசிவரை படியுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நான் ஹோம் நர்ஸ். ஆறு வருடத்துக்கு முன்னால், ஆதிரா பிறந்து நான்கு மாதமானபோது, கீரிப்பாறைக்கு மேலே இருக்கிற அவருடைய ரப்பர் எஸ்டேட் பங்களாவுக்கு நந்தனாவைப் பார்த்துக்கொள்ளப் போனேன். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு மனம் நிலைகொள்ளவில்லை. ஊரில் உங்கள் வீட்டில் இருந்தபோது உங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் கிணற்றடிக்குப் போனதை அவர் சொல்லியிருக்கிறார். இனி என் வாசலை மிதிக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதையும் சொன்னார். பெற்ற தகப்பனின் பயம் எனக்குப் புரியும். அதைக் குற்றமாக எழுதவில்லை. ஆனால் வெளியே தெரியாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நீங்களும் சொன்னதாக அவர் சொன்னார். அது மெய்யா பொய்யா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முதலில் அவளை மாடி அறையில் வைத்துப் பூட்டியது காப்பாற்றத்தான். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு நின்றுவிட்டாள் ஒருநாள். மூச்சு நிற்கிற நேரத்தில்தான் தூக்கி வெளியே போட்டோம். தாணுமாலயனைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை தம்பி. மாத்திரையை அவரே கொண்டுவந்து கொடுப்பார். கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆதிரா பேசத் தொடங்கி, அம்மா எங்கே என்று கேட்டு அடம்பிடித்தபோது, செத்துப்போய்விட்டாள் என்று சொல்லிவிட்டார். பிறகு எஸ்டேட்டில் எல்லோரிடமும் அதையே சொன்னார், என்னைப் பிள்ளையைப் பார்க்கிற ஆயா என்றும் சொன்னார். உங்களுக்கு மட்டும் மைசூர்.

மூன்றாம் வருடம் நந்தனா நன்றாகத் தெளிந்துவிட்டாள். கதவைத் திறந்துவிடுங்கள் என்று அவரிடம் கேட்டாள். அவரால் முடியவில்லை. செத்தவள் எப்படிப் படியிறங்கி வருவாள்?

அந்தப் பூட்டின் சாவி என்னிடம்தான் இருந்தது. மூன்று வருடம் தெளிந்த மனுஷியை உள்ளே வைத்துப் பூட்டியது இந்தக் கைதான். “இன்னைக்குத் திறப்பியளா அக்கா?” என்று தினமும் காலையில் கேட்பாள். “அவிய சொல்லட்டும் மக்களே” என்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். வேலை போய்விடும் என்று பயந்தேன், அவரிடம் பேசப் பயந்தேன் என்றெல்லாம் எழுதலாம். எழுதினால் அது எனக்கே சாக்காகத் தெரியும்.

போன வருடம் ஆதிராவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அஞ்சலி என்ற பெண் வந்தாள். தக்கலைப் பக்கம். பி.எட். படித்தவள், தாய் தகப்பன் இல்லாதவள். பங்களாவிலேயே தங்கினாள். பேச்சே மறந்துபோயிருந்த மனுஷன் அவளிடம் பேச ஆரம்பித்தார். மாடிக்கு வருவது குறைந்தது. அப்புறம் நின்றேபோனது. கீழே வராந்தாவில் இரண்டு பேரும் சிரிப்பது மேலே நன்றாகக் கேட்கும். நந்தனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். மேலே என்ன சத்தம் என்று அஞ்சலி கேட்கும்போதெல்லாம், மச்சில் மரநாய் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். பாவம், நம்பினாள்.

இந்த மாதக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. போன புதன்கிழமை மத்தியானம், எடுத்த புடவையை என்னிடம் காட்ட அவள் மாடிப்படி ஏறி வந்துவிட்டாள். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று பிரித்துக் காட்டினாள். உள்ளேயிருந்து நந்தனா கேட்டாள்.

“சாரி என்ன கலரு?”

கத்தவில்லை தம்பி. பக்கத்து வீட்டுக்காரி கேட்பதுபோலக் கேட்டாள்.

அஞ்சலியின் முகத்தில் இரத்தமே இல்லை. “ஆரு அக்கா அது?” என்றாள். மரநாய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சாவியை எடுத்துத் திறந்துவிட்டேன்.

நந்தனா கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் பயந்துவிடக் கூடாது என்று கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். “நான் ஆதிராவுக்க அம்மை” என்றாள். அஞ்சலி நின்ற இடத்திலேயே நின்றாள். நந்தனாவே கேட்டாள், “பிள்ளைக்குக் கணக்கு வருமா டீச்சரே?”

அஞ்சலி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கழித்தல்ல மட்டும் கொஞ்சம் தடுமாறுவா” என்று அழுதுகொண்டே சொன்னாள். நந்தனா சிரித்தாள். ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

மறுநாள் ஆதிராவுக்கு உடுப்பு எடுக்க அவர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கோட்டாறுக்குப் போனார். அந்த நேரத்தில் நானும் அஞ்சலியும் நந்தனாவைக் கீழே கொண்டுவந்து, பேருந்து நிற்கிற இடம்வரை நடத்திக் கூட்டிப்போனோம். வெயிலில் அவளுக்குக் கண் கூசியது. ஆனால் பேருந்தில் ஏற மாட்டேன் என்றாள். பிள்ளை இல்லாமல் வர மாட்டாளாம். அஞ்சலிதான் அவள் கையைப் பிடித்து, “நீங்க போங்க அக்கா, பிள்ளைய நான் கொண்டு வருவேன்” என்றாள். நாங்கள் ஏறினோம். அஞ்சலி தனியாக அந்த வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள். அவரை அவள் உயிராக நினைத்திருந்தாள் தம்பி. அது ஒரு நாளில் போகிற காரியமா?

வெள்ளியிலிருந்து அஞ்சலியின் போன் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டு கேட்டில் வந்து நின்றார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். “வந்துரு நந்தனா. ஆரும் அறியாண்டாம். பழையபடி இருக்கலாம்” என்று கெஞ்சினார். நந்தனா வெளியே போகவில்லை. ஆனாலும் “பழையபடி முடியாது” என்று அவர் காதில் விழும்படி சொன்னாள்.

காவல் நிலையத்துக்குப் போனேன். புருஷன் கையில் மனநிலை சரியில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதம் இருக்கிறதாமே, பிறந்த வீட்டிலிருந்து யாராவது வந்தால் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீடு என்றால் நீங்கள் ஒருவர்தானே.

நேற்று மத்தியானம் அஞ்சலி ஆதிராவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கையில் பை இல்லை, காலில் செருப்பு இல்லை. அவர் அவள் காலில் விழுந்து அழுதாராம். அவள் மனம் மாறவில்லை என்று தெரிந்ததும், கீழறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டாராம். அவர் குளிக்கப் போன நேரம் ஆதிராதான் நாற்காலி போட்டு ஏறித் தாழ்ப்பாளை விலக்கியிருக்கிறாள்.

இன்று காலை அவர் போன் செய்தார். சனிக்கிழமை அந்த டாக்டரோடு வருவாராம். மனைவியையும் மகளையும் கூட்டிப்போக அவருக்கு உரிமை உண்டாம். குரலில் கோபமே இல்லை. கதவைச் சாத்தி நான் எவ்வளவு நேரம் தடுப்பேன்?

நேற்று நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நந்தனாவைப் பார்த்ததும் ஆதிரா அஞ்சலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “இது ஆரு டீச்சர்?” என்று கேட்டாள். அம்மா செத்துப்போனாள் என்று நம்பி வளர்ந்த பிள்ளை. நந்தனா தள்ளி நின்றபடியே, “நான் மஸ்கட் மாமாவுக்க தங்கச்சி” என்றாள். வருடாவருடம் சாக்லேட் அனுப்புகிற மஸ்கட் மாமாவைப் பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பேரைக் கேட்ட பிறகுதான் கிட்டே வந்தாள்.

பெற்ற பிள்ளையிடம் தன்னை யார் என்று சொல்ல அவளுக்கு அந்த ஒரு உறவுதான் கிடைத்தது. திருவனந்தபுரத்தில் இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். சனிக்கிழமைக்குள் வந்து, ஆமாம், இவள் என் தங்கச்சிதான் என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்மேல் எந்த வழக்குப் போட்டாலும் நான் ஓடி ஒளிய மாட்டேன்.

உங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் வராமல் கர்த்தர் காக்கட்டும். இன்று காலை நந்தனாவும் உங்கள் பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் முதலில் கும்பிட்டாள்.

வாருங்கள் தம்பி.

இப்படிக்கு,
ஞானசெல்வி