ஆறாம் பகுதியில் வரும் விபத்து

பட்டுக்கோட்டை
19.01.2025

அன்புள்ள தியாகு,

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால் கடிதம். உன் தொடரின் எட்டுப் பகுதிகளையும் பொங்கல் லீவில் நானும் ஜெயாவும் பார்த்து முடித்தோம். எப்பேர்ப்பட்ட அயோக்கியன்டா உன் கதாநாயகன்! அவனையும் பிடித்துப்போக வைத்துவிட்டாய். எழவு வீட்டில் யாரோ போட்ட மாலையை எடுத்து, தான் வாங்கி வந்ததுபோலப் போடுகிறானே, அங்கே என் வீட்டுக்காரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ஆறாம் பகுதியில் குடித்துவிட்டு வண்டியை ஓட்டி ஒரு பெண்ணை இடிக்கிறான். பழியை நண்பன் ஏற்கிறான். "இவருக்கு எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ" என்றாள் ஜெயா. எழுத்தாளன் இல்லையா என்றேன். அவளிடம்கூட நான் சொன்னதில்லை.

முடிவில் அந்தப் பெண் அவனை மன்னிக்கிறாளே, அது மட்டும் எனக்கு இறங்கவில்லை. இங்கே செந்தாமரை இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். அன்றைக்கு உண்மையில் யார் வண்டியை ஓட்டியது என்றே அவருக்குத் தெரியாது.

உன்
சபரிநாதன்

சென்னை
27.01.2025

அன்புள்ள சபரி,

எல்லாரும் அந்த முடிவைத்தான் பாராட்டினார்கள். நீ ஒருவன்தான் பொய்யைப் பிடித்தாய்.

அந்த விபத்து நடந்தது நான் வேலையில் சேரவேண்டிய வாரம். "நீ கெளம்புடா, நான் பாத்துக்கறேன்" என்றாய். பதினோரு வருடம் ஆகிறது. அதன்பின் டிரைவரான உன்னிடம் யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. மண்டியில் தேங்காய் உரிக்கிறாய். சிரிக்கச் சிரிக்க எழுதினால் பாவம் கரைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் பாகத்தில் அவன் உண்மையை ஒப்புக்கொள்வதாக எழுதட்டுமா?

தியாகு

பட்டுக்கோட்டை
03.02.2025

தியாகு,

எழுது. உன்னால்தான் முடியும். ஆனால் அவனை அழவிடாதே, பார்க்கிறவர்கள் அவன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நண்பனைத் தெய்வமாக்காதே. பொய் சொன்னவன் அவனும்தான். நான் உன்னைத் திட்டாத நாளும் இல்லை.

சபரி

பட்டுக்கோட்டை
21.02.2025

அன்புள்ள சபரி,

இரண்டாம் பாகத்தை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை, ஊருக்கே கிளம்பி வந்துவிட்டேன். இன்று காலை செந்தாமரையின் தையல் கடைக்குப் போனேன். "அன்னைக்கு வண்டி ஓட்டுனது நாந்தாங்க. சபரி இல்ல" என்றேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை முடித்து, நூலை வெட்டிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"பதினோரு வருஷமா அந்த அண்ணனை எதிர்ல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறேன். மொதல்ல அவரைப் போய்ப் பாக்கணும். நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க."

மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வக்கீல் வெளியே நிற்கிறார். பொய் சொன்னதற்காக உன்னையும் கூப்பிடுவார்கள் என்கிறார், தயாராக இரு. கடிதத்தை ஜெயாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். உனக்கு முன்பே படித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

செந்தாமரை சாயங்காலம் மண்டிக்கு வருவார். உட்கார ஒரு ஸ்டூல் எடுத்துப் போடு.

தியாகு